ஒன்று புள்ளி ஏழு

“மூச்ச உள்ள இழுத்துப் பிடிங்க. நான் சொல்லுத வரைக்கும் விடக்கூடாது.”

கஸ்பார் இழுத்துப் பிடித்தார். தருவைகுளத்துக்காரர். இருபத்தைந்து வருடம் கடலுக்கடியில் சங்கு எடுத்தவர். இடப்பக்கம் சரிந்து படுத்திருந்த அவருடைய விலாவுக்கிடையே மாரிராஜ் ஸ்கேன் மெஷினின் புரோபை வைத்து அழுத்தினான். திரையில் இதயம் வந்தது.

பழைய மெஷினில் இதயம் ஒரு துண்டாகத்தான் தெரியும், பலாப்பழத்தை ஒரு இடத்தில் அறுத்து அந்த முகத்தை மட்டும் காட்டுவதுபோல. புதிய திரீடி மெஷின் முழுப் பழத்தையும் எடுத்துவிடும். ஆனால் ஒரே அடியில் எடுக்காது. நான்கு துடிப்பில் நான்கு கீற்றாக வாங்கி ஒட்டித் தரும். இடையில் மூச்சு அசைந்தால் ஒட்டிய இடத்தில் பிசகி, வால்வு இரண்டாகப் பிளந்ததுபோலத் தெரியும். அதற்காகத்தான் மூச்சைப் பிடிக்கச் சொல்வது.

நான்கு துடிப்பு முடிந்தது. படம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். சரண்யாதேவி. இறந்துபோன மனைவியின் தங்கை.

‘நாளைக்கு ஸ்கேனுக்கு அப்பா கூட்டிட்டு வாராங்க. உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும் அத்தான். தனியா.’

படித்தான். மறுபடியும் படித்தான். கட்டில் கம்பியைக் கஸ்பார் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, விடுங்க. விடுங்க.”

கஸ்பார் நிதானமாக விட்டார். “பரவால்ல தம்பி. அடியில பெரிய சங்கு ஒண்ணு கெடக்கு போல, தம்பி அதப் பாத்துக்கிட்டு நிக்குதுன்னு நெனச்சேன்.”

துணைக்கு நின்ற நர்ஸ் பேச்சிச்செல்வி சிரித்துவிட்டாள். “இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு இவ்வளவு நேரமா பிடிப்பீரு? அண்ணாச்சி போயிட்டீருன்னுல்லா நெனச்சேன்.”

“இதெல்லாம் ஒரு மூச்சா ஏளா? நல்லா இருக்கையில கேட்டிருக்கணும்.”

டாக்டர் ரிஃப்கா உள்ளே வந்தாள். காயல்பட்டினத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். உட்கார மாட்டாள். நின்றபடியே குமிழை உருட்டி, திரையில் இருந்த இதயத்தைக் கவிழ்த்து, மேலிருந்து பார்க்கும்படி வைத்தாள். இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மூடித் திறந்தது. மூடும்போதெல்லாம் கீழ் இதழின் நடுவில் ஒரு துண்டு மட்டும் மேலே துள்ளிக்கொண்டு வந்தது.

“இந்தத் துண்டுதான் அறுந்து தொங்குது. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. பெரியவரே, வால்வை மாத்த வேண்டாம், தைச்சா போதும். ஆபரேஷன் பண்ணுறவங்க நெஞ்சைத் திறந்தா எது தெரியுமோ, அதை இப்பவே படமா அனுப்பிருதேன்.”

“தைக்கிறதுன்னா வலை பொத்துற மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

“அப்ப சரி” என்று கஸ்பார் சட்டையைத் தேடினார்.

மாரிராஜ் அவர் நெஞ்சில் இருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டான். நல்ல படம் என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. ஏரலில் பிறந்தவன். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, மதுரையில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கப் படித்து, தூத்துக்குடியில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சங்கரலிங்கத்தின் மூத்த மகள் பொன்செல்வியைக் கட்டினான். மூன்று வருடம் இருந்தாள். பிரசவமான இரண்டாம் நாள் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனாள். அது நடந்து இரண்டு வருடம் இரண்டு மாதம். பிறந்த பெண் முத்துச்செல்வி, கூப்பிடுவது முத்து, ஆத்தூரில் அவன் மாமனார் வீட்டில் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பான். பஸ்ஸில் இருந்து இறங்கி வருகிற ஆள் என்பதால் அவனை அவள் ‘பஸ் அப்பா’ என்பாள்.

முதல் வருடத் திதி முடிந்த மறுநாளே பேச்சு தொடங்கிவிட்டது. சின்னவளை அவனுக்கே கட்டிவைப்பது என்று. பிள்ளைக்கு மாற்றாந்தாய் என்று அசலிலிருந்து ஒருத்தி வர வேண்டாம், சித்தியே தாயாக இருக்கட்டும் என்று. ஊரில் வழக்கம்தான். அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் இரண்டு தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். சங்கரலிங்கம் தூத்துக்குடியில் வீடுகூடப் பார்த்துவிட்டார். முத்துவுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம்.

மாரிராஜ் மூன்று தடவை ‘வேண்டாம் மாமா’ என்று சொல்லியிருக்கிறான். மூன்று தடவையும் அவர் அவன் தோளில் கைவைத்து, “ஒனக்கு மனசு ஆறல மாப்ள. இங்கன ஒரு பிள்ள விளக்கேத்தி வச்சா ஆறிரும்” என்றார். அதற்குமேல் என்ன சொல்வது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடலாம். அவன் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடிக்காலுக்குக்கூடப் போகாமல் அவனுக்காகக் கறி எடுத்துவந்து காத்திருக்கும் மனிதர். கதவே இல்லாத அறைக்குள் அன்பாக உட்கார்த்தி வைத்ததுபோல இருந்தது அவனுக்கு.

வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வெற்றிலை மாற்றுவதாக நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் ஒரே ஒரு காரியம் பாக்கி. மூத்தவளுக்கு வால்வு சுருங்கியிருந்தது ஏழாம் மாதத்தில்தான் தெரிந்தது. சின்னவளுக்கும் அப்படி ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்றார் சங்கரலிங்கம். புது மெஷினில் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை கையாலேயே பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை கையால். அந்தச் சொல்தான் அவனை இரவும் பகலும் அரித்தது.

பொன்செல்விக்கும் அவன் கையால்தான் பார்த்தார்கள். ஏழாம் மாதம் படி ஏறினால் இளைத்தது. எக்கோ எடுத்துவரச் சொன்னார்கள். வீட்டு ஆளுக்கு வீட்டு ஆளே ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பது இந்த வேலையில் எழுதாத விதி. இன்னொரு டெக்னீஷியன் இருந்தார், ஆண். பொன்செல்வி மாட்டேன் என்றுவிட்டாள். “அசலான் முன்னால நெஞ்சத் தெறந்து போட்டுட்டுக் கெடக்க மாட்டேன். நீங்க பாக்குததா இருந்தா வாரேன், இல்லன்னா விடுங்க.” சங்கரலிங்கமும் அதையேதான் சொன்னார். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது அசலான் கை எதற்கு. மாரிராஜுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

வயிறு பெரிதாக இருந்ததால் அவளால் முழுதாகச் சரிந்து படுக்க முடியவில்லை. வால்வு சரியாகத் தெரிய வேண்டுமென்றால் விலாவுக்கிடையே அழுத்த வேண்டும். அழுத்தினான். ‘வலிக்குங்க’ என்றாள். கையைத் தளர்த்தினான். வேறு யாராக இருந்தாலும் ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்று சொல்லியிருப்பான். கையைத் தளர்த்தியதும் படம் லேசாகச் சாய்ந்தது. இருந்தாலும் ஓட்டை ஒன்று தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டான். மெஷின் கணக்குப் போட்டுச் சொன்னது: ஒன்று புள்ளி ஏழு சதுர சென்டிமீட்டர். சுருக்கம் லேசானது. வால்வில் அழுத்தம் கூடுதலாகக் காட்டியதற்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்த ஓட்டம் கூடுதலாகத்தான் இருக்கும் என்றார் அப்போதிருந்த டாக்டர். கையெழுத்துப் போட்டார். பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒன்றோ அதற்குக் கீழோ வந்திருந்தால், பிரசவத்துக்கு முன்பே பலூன் வைத்து வால்வைத் திறந்துவிட அனுப்பியிருப்பார்கள்.

அவள் இறந்தபோது யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. தன் அளவு பிசகியிருக்கும் என்று அவனுக்கும் தெரியவில்லை. போன தை மாதம் புது மெஷின் வந்தது. வால்வு சுருங்கிய நோயாளிகளை எல்லாம் பழைய முறையிலும் புது முறையிலும் அளந்து நோட்டில் எழுதச் சொன்னாள் டாக்டர் ரிஃப்கா. ஒன்பதாவதாக வந்தவள் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். பழைய முறையில் ஒன்று புள்ளி ஏழு. திரீடியில் ஒன்று.

“பழசுல வெட்டு மேல போயிருச்சு” என்றாள் டாக்டர். “புனலை மேல அளந்தா அகலமாத்தானே இருக்கும். நுனியில அளக்கணும். இதுல முழுசா எடுத்து வச்சுக்கிட்டு, நுனி எங்க இருக்குன்னு தேடி வெட்டலாம். இதுக்குத்தான் இவ்வளவு காசு குடுத்து வாங்கினது.” சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பழைய கம்ப்யூட்டரில் பொன்செல்வியின் படத்தை எடுத்துப் பார்த்தான். சுருங்கிய வால்வின் நுனி மீன் வாய்போல இருக்கும், இரண்டு பக்கமும் கூராக. அவன் கோடு போட்ட ஓட்டை உருண்டையாக இருந்தது. மீன் வாய் அதற்குக் கீழே எங்கோ இருந்தது. எவ்வளவு சின்னதாக என்று இனிமேல் பார்க்க முடியாது. அது துண்டுப் படம். மறுபடி வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனான். கறி சாப்பிட்டான். வந்தான்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சங்கரலிங்கம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் வாழைச்சருகில் பொதிந்த வெற்றிலைக் கட்டு.

“கொடியிலருந்து காலையில கிள்ளினது மாப்ள. ஒங்கம்மைக்கு. வெள்ளிக்கெழமைக்கு வேற நல்லதா எடுத்து வச்சிருக்கேன்.”

“டாக்டரம்மாவே பாக்கட்டுமே மாமா. அவங்க பொம்பளதான.”

“அந்தம்மா பொறவு பாக்கட்டும். மொதல்ல நம்ம ஆளு பாக்கணும். நீ சொன்னாத்தான் ஒங்கத்தைக்கு நிம்மதி.”

வெளிநோயாளிகள் அறையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் கதவு வழியாக எட்டிப் பார்த்து, “வீட்டு ஆளை நீ எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?” என்றாள். சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். “சரி, படத்தை மட்டும் எடு. அளவு போடாதே. நான் வந்து வெட்டிப் பாக்கேன்.”

சரண்யாதேவி உள்ளே வந்தாள். இருபத்துமூன்று வயது. கப்பல் சரக்குக்குச் சுங்க ஆவணம் தயாரிக்கும் ஏஜென்சியில் வேலை. ஆபீசுக்குப் போட்டு வரும் சுடிதாரில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்திருந்தாள். பேச்சிச்செல்வி ஈசிஜி ஒயரை ஒட்டிவிட்டு, ஜெல் தீர்ந்துவிட்டது என்று எடுத்துவரப் போனாள். கதவு சாத்தியது.

“அத்தான், நேரமில்ல. சட்டுனு சொல்லிருதேன். எனக்கும் நெஞ்சு சரியில்லன்னு அப்பாகிட்ட சொல்லிருங்க.”

அவன் மெஷினைப் பார்த்தபடி இருந்தான்.

“டாக்டர் பாப்பாங்க சரண்யா. படம் முழுசா இதுல இருக்கும்.”

“டாக்டருக்கு என்னமும் தெரியட்டும். அப்பா ரிப்போர்ட்டையா படிக்கப் போறாரு? நீங்க வாயால சொல்லுததுதான் அவருக்கு ரிப்போர்ட்டு. லேசா ஏதோ இருக்கு, கல்யாணம் வேண்டாம், பிள்ளப்பேறு ஆகாதுன்னு சொன்னா முடிஞ்சுது.”

“பொறவு ஒனக்கு வேற எடமே அமையாது. ஆத்தூர் பூரா பேசுவாங்க.”

“பேசட்டும். அக்கா சேலைய உடுத்திக்கிட்டு, அக்கா கட்டில்ல படுத்துக்கிட்டு, அக்கா பிள்ள என்ன அம்மான்னு கூப்பிட… என்னால முடியாது. முத்து மேல எனக்குக் கொள்ளப் பிரியம். அதுக்காக? நான் வேண்டாம்னு சொன்னா அம்மை சாப்பிடாமக் கெடக்கா. நீங்க சொன்னா ஒங்களுக்கு மனசு ஆறலங்காங்க. மெஷின் சொன்னா மட்டுந்தான் கேப்பாங்க.”

அவள் அழவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றையும் நேற்றே எண்ணி வைத்திருந்ததுபோலச் சொன்னாள்.

“ஒங்களுக்கும் இஷ்டமில்லதான? இல்லன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம வாரீய, சாப்பிடுதீய, போறீய. எங்க வீட்டுல யாரு மொகத்தையாச்சும் பாக்குதீயளா?”

பேச்சிச்செல்வி ஜெல் பாட்டிலோடு வந்துவிட்டாள்.

சரண்யா இடப்பக்கம் சரிந்து படுத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பேச்சிச்செல்வி துப்பட்டாவை வேண்டிய அளவுக்கு மட்டும் விலக்கிவிட்டாள். மாரிராஜ் புரோபை வைத்தான்.

“வலிக்கு” என்றாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கோ.”

கையைத் தளர்த்தவில்லை. அழுத்தினான். “மூச்ச இழுத்துப் பிடி.”

நான்கு துடிப்பு.

“விடு.”

இதயம் முழுதாகத் திரையில் நின்று துடித்தது. அளவு போட வேண்டியதே இல்லை. இதழ்கள் மெல்லிசாக, ஈரத் துணிபோல அகலமாகத் திறந்து மூடின. ஒரு குறை இல்லை. அக்காவுக்கு இருந்ததில் ஒரு சாயல்கூட இல்லை. எட்டு வருடத்தில் அவன் பார்த்த நல்ல இதயங்களில் ஒன்று அது.

அரைமணி கழித்து டாக்டர் வந்து, மூன்று பக்கமும் வெட்டிப் பார்த்துவிட்டு, “நார்மல். குழந்தை எத்தனை வேணும்னாலும் பெத்துக்கலாம். போய்ச் சொல்லு” என்று சிரித்தாள்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பைக் நிறுத்தும் இடத்தில் ஒரு வாகை மரம், அதன் அடியில் சிமெண்டு பெஞ்சு. சங்கரலிங்கம் பெஞ்சில் இருந்தார். சரண்யா மரத்தில் சாய்ந்து நின்றாள். சுவருக்கு அந்தப்பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன.

நடந்து வருகிற அந்த இருபது அடியில் அவன் கணக்குப் பார்த்தான். சரண்யா கேட்டதைச் சொன்னால் எல்லாம் தீரும். அவளுக்கு விடுதலை, ஆனால் காலம் பூரா நோயாளி என்ற பெயர். நல்ல இதயத்தைக் கெட்டது என்று சொன்ன வாய் அவனுடையதாக இருக்கும். கெட்டதை நல்லது என்று ஒரு தடவை சொன்னது போதாதா. உள்ளதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றுவார்கள். முத்து அவனோடு வந்து இருப்பாள். தினமும் பார்க்கலாம். அதை நினைத்தபோது மட்டும் அவனுக்குள் ஏதோ அசைந்தது. இரண்டு வருடமாக அசையாதது.

“என்ன மாப்ள?”

“சரண்யாவுக்கு ஒண்ணுமில்ல மாமா. சுத்தமா நல்லா இருக்கு.”

சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். கண்ணை மூடி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். சரண்யா அவனைப் பார்த்தாள். காறித் துப்பாத குறை.

“நான்தான் சொன்னேன்லா. ஏளா, ஒங்கம்மைக்குப் போனப் போடு.” வெற்றிலைக் கட்டை எடுத்து இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். “இந்தா மாப்ள, பிடி. வெள்ளிக்கெழம என்னத்துக்கு, இப்பவே மாத்தினாப்பல ஆச்சு.”

அவன் கட்டை வாங்கினான். பெஞ்சில் வைத்தான். சருகைப் பிரித்து ஒரு வெற்றிலையை உருவினான். என்ன செய்கிறான் என்று சங்கரலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமா, பொன்னு நெஞ்ச அளந்து ஒண்ணேழுன்னு சொன்னேன்லா.”

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“சொல்லிருதேன்.” வெற்றிலையைச் சுருட்டிப் புனலாகப் பிடித்தான். மேலே அகலம், கீழே குறுகல். “அவ வால்வு இப்பிடித்தான் இருந்துச்சு. ரத்தம் மேலருந்து வந்து இந்த நுனி வழியாப் போகணும். நுனியத்தான் அளக்கணும்.” நுனியில் விரலை வைத்தான். பிறகு விரலை மேலே நகர்த்தினான். “நான் இங்கன அளந்தேன்.”

லாரி ஹாரன் நீளமாக அடித்து ஓய்ந்தது.

சங்கரலிங்கம் அவன் கையிலிருந்து அந்த வெற்றிலையை வாங்கினார். பிரிந்துவிடாமல் பக்குவமாக வாங்கினார், வெற்றிலை பிடித்துப் பழகிய கை. மேல்வாயைப் பார்த்தார். திருப்பி நுனியைப் பார்த்தார். கண்ணுக்கு நேரே வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார்.

“இவ்வளவுதான் இருந்துச்சா?”

“இதுக்கும் கீழ இருக்கலாம்.”

“தெரிஞ்சிருந்தா?”

“பலூன் வச்சுத் தெறந்திருப்பாங்க. அநேகமாப் பொழச்சிருப்பா.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“தை மாசம்.”

“தை மாசத்துல இருந்து எத்தன ஞாயித்துக்கெழம வந்திருக்க.”

சங்கரலிங்கம் ஒரு எட்டு நெருங்கி வந்தார்.

“ஏன் அங்கன அளந்த? படிச்சவன்தான நீ?”

“அழுத்திப் பாக்கணும். அழுத்தினேன். வலிக்குன்னா. விட்டுட்டேன்.”

சங்கரலிங்கத்தின் வாய் கோணியது. அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் அடிக்கவில்லை. வெற்றிலையை இன்னும் சுருட்டியபடியே பிடித்திருந்தார்.

“நாங்கதான் ஓங்கையால பாக்கணும்னு சொன்னோம்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு குரல் மாறியது. “அதுக்காக ஒன்ன விட்டுருவேன்னு நெனைக்காத. எம்பொண்ண நீ கொல்லல. அது எனக்குத் தெரியும். ஆனா இனிமே ஓங்கையில ஒரு பிள்ளையக் குடுக்க எனக்குக் கை வராது. ரெண்டு பிள்ளையயும்.”

“சரி மாமா.”

“மாமாங்காத.”

கட்டைச் சருகோடு சேர்த்துப் பொதிந்து, துண்டால் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வெற்றிலையைப் பெஞ்சில் வைத்தார். அது தானாக விரிந்தது. “ஏளா, வா” என்று நடந்தார்.

சரண்யா நின்றாள். அவளுடைய முகத்தில் நன்றி இல்லை. இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

“நான் எம்பேருல பொய் சொல்லத்தான சொன்னேன்” என்றாள். “அக்காவப் பத்தி எனக்கு எதுக்குத் தெரியணும்?”

போய்விட்டாள். உள்ளே பேச்சிச்செல்வி அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. அவன் கைகழுவிவிட்டுப் போனான். அன்றைக்கு இன்னும் பதினான்கு பேர் இருந்தார்கள். பதினான்கு பேரையும் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமையும் யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் தானாகப் பழைய பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பிஸ்கட் வாங்கினான். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஆத்தூருக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டான். போய் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. வாசலில் நிற்கலாம். உள்ளே விடாவிட்டால் திரும்பி வரலாம். முக்காணி தாண்டும்போது போன் அடித்தது.

“பஸ்ஸு ஏறிட்டீயளா?” சரண்யாதான். பின்னால் முத்து ஏதோ கேட்டு அடம்பிடிக்கும் சத்தம்.

“ஏறிட்டேன்.”

“ஏறுவீயன்னு தெரியும். எறங்காதீய. அப்பா வாசல்லயே சேரப் போட்டு உக்காந்திருக்காரு. கொடிக்காலுக்கும் போகல, சாப்பிடவும் இல்ல. ஒங்களப் பாத்தா என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது.”

“சரி.”

“செவ்வாக்கெழம முத்துவத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறோம். ஸ்கேன் எடுக்க. அவளுக்கும் ஏதும் இருக்குமோன்னு அப்பாவுக்குப் பயம் வந்துட்டு. தெரியாத ஆளாப் பாத்துத்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாரு.”

“நல்லது. அதான் சரி.”

“அழுத்திப் பாக்கச் சொல்லணுமா?” அவள் குரலில் குத்தல் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே கேட்பதுபோலத்தான் இருந்தது.

“சின்னப் பிள்ளைக்கு அழுத்த வேண்டாம். நெஞ்சு மெலிசு. தன்னால தெரியும்.”

பாலத்தின் மேல் பஸ் ஏறியது. கீழே தாமிரபரணி மணலும் தண்ணீரும் கலந்து கிடந்தது.

“அத்தான், எந்தப் பக்கம் உக்காந்திருக்கீய?”

“வலப்பக்கம்.”

“எடப்பக்கம் சன்னலோரம் வந்து உக்காருங்க. பிஸ்கட் வாங்கணும்னு சொல்லிட்டு முத்துவத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்திருக்கேன். எறங்கிராதீய. சத்தியமா எறங்கிராதீய.”

அவன் எழுந்தான். இடப்பக்கம் சன்னலோரத்தில் ஒரு பெரியவர் கூடையோடு இருந்தார். “அண்ணாச்சி, அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் கொஞ்சம் எடம் குடுங்க” என்றான். அவர் அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஆத்தூரில் பஸ் நின்றது. கடை நிழலில் சரண்யா நின்றாள், இடுப்பில் முத்து. மஞ்சள் சட்டை. தலைமுடியை இரண்டாகப் பிரித்துக் கட்டியிருந்தது. பஸ்ஸைப் பார்த்ததுமே கையை ஆட்டத் தொடங்கிவிட்டாள். படிக்கட்டைத்தான் பார்த்தாள், சன்னலைப் பார்க்கவில்லை. எப்போதும் படியிலிருந்துதானே இறங்கி வருவான். நாலைந்து பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தாள். சரண்யா அவள் தாடையைப் பிடித்துச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

முத்து அவனைப் பார்த்தாள். ‘ஏன் அங்கன இருக்க?’ என்பதுபோல முகத்தைச் சுளித்தாள். பிறகு கத்தினாள். கண்ணாடி வழியாகக் காதில் விழவில்லை. வாய் அசைவு தெரிந்தது. அவன் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். “ஆத்தூர் டிக்கெட்டுல்லா எடுத்தீரு? எறங்கலயா?”

பஸ் நகர்ந்துவிட்டது.

“திருச்செந்தூர் ஒண்ணு” என்றான்.